துவர்த்து

ஜூன் 3, செவ்வாய்
அப்பாவின் நுரையீரலிலிருந்து டெஸ்டுக்குச் சதை எடுத்தாயிற்று. ரிசல்ட் வர ஒரு வாரம். திரும்பும்போது களியக்காவிளை வருவதற்குள் அப்பா பஸ்ஸிலேயே தூங்கிவிட்டார்.

ஜூன் 4, புதன்
டாக்டரின் முதல் கேள்வி: "பீடி வலிக்குமோ?" நாளைக்கு ஒரு கட்டு என்றார் அப்பா. அதோடு பேனா நின்றுவிட்டது. 22 வருஷம் கருமணல் கம்பெனியில் மணலைக் காயவைத்துப் பிரிக்கும் ஷெட்டில் நின்றவர் என்று நான்தான் இடையில் புகுந்து சொன்னேன். அந்த மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது என்றேன், பதில் இல்லை. அதில் கதிர் வீசும் தோரியம் இருக்கிறது என்றதும்தான் நிமிர்ந்தார்.

ஜூன் 5
மழை. ஒன்றும் இல்லை.

ஜூன் 7, சனி
தூக்கம் வரவில்லை. கருமணலில் இருக்கும் தாதுக்களில் இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், ரூட்டைலை மின்சாரம் பிரிக்கும். ஆனால் மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், காய்ந்தால் பறக்கும். அப்பா அதற்குத்தான் மூக்கோடு சேர்த்துத் துவர்த்தை, அந்தத் துண்டை, கட்டிக்கொள்வார்.

சட்டையில் கதிரை அளக்கும் பேட்ஜ் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கி அனுப்புவார்கள், எப்போதும் "எல்லைக்குள்" என்றுதான் வரும். உடம்பில் படும் கதிரை மில்லிசீவர்ட்டில் சொல்வார்கள், ஐந்து வருஷத்துக்கு 100 என்பது எல்லை. சரி, ஆனால் பேட்ஜ் வெளியிலிருந்து மேலே படுவதை மட்டும்தான் அளக்கும். தோரியம் விடும் ஆல்ஃபா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. தோலில் பட்டால் பயமில்லை. தூசியோடு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால்? அங்கே காகிதம் ஏது?

தோரியம் சிதையும்போது தோரான் என்ற வாயு வரும். 56 விநாடியில் பாதியாகிவிடும். மூச்சில் வரும் அதை அளந்தால், உள்ளே எவ்வளவு தோரியம் தங்கியிருக்கிறது என்று கணக்குப் போடலாம். தன் மூச்சை யாரும் அளந்ததாக அப்பாவுக்கு நினைவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
அம்மா மட்டும் பூசைக்குப் போனாள்.

ஜூன் 10, செவ்வாய்
அண்ணன் துபாயிலிருந்து பேசினான். கேரளத்துக் கருமணல் கரையான கருநாகப்பள்ளியில் ஆயிரக்கணக்கான பேரை வருஷக்கணக்காகப் பார்த்து, மணலின் கதிரால் கேன்சர் கூடவில்லை என்று 2009-லேயே எழுதிவிட்டார்களாம். "சும்மா பயப்படாத." அது மணல்மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்களைப் பற்றியது. ஷெட்டுக்குள் நின்று தூசியை இழுத்தவர்களுக்கு அது எப்படிப் பதிலாகும்? கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்.

யுரேனியச் சுரங்கக்காரர்களில் புகைபிடித்தவர்களுக்கு ஆபத்து இன்னும் ஏறியது. அங்கே ரேடான் என்ற கதிர் வாயு, இங்கே தோரான். பீடியா தூசியா என்று எந்த டாக்டரும் பிரித்துச் சொல்லப் போவதில்லை. அப்பாவோ பீடிதான் என்று முடிவே கட்டிவிட்டார். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை பேச விடமாட்டார். "சோறு போட்ட இடம்."

ஜூன் 11, புதன்
போன் வந்தது. சாயம் போட்டு இன்னொரு டெஸ்ட் பார்க்க வேண்டுமாம். மேலும் ஒரு வாரம்.

ஜூன் 12, வியாழன்
தேங்காய் துருவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "அந்தத் துவர்த்த தெனமும் நாந்தானே மக்களே ஒதறித் தொவச்சேன்?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி
அம்மாவுக்கு இருமல். மழைக்குளிர்தான். அவளையும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்ல வேண்டும், அப்பா காதில் விழாமல்.