அளந்ததுங்களா, கணக்குல வந்ததுங்களா?

"ஏனுங்க தம்பி, நீங்க சொல்ற கனஅடி அளந்ததுங்களா, கணக்குல வந்ததுங்களா?"

காவிரியில் தண்ணீர் அளக்கும் வேலை என்னுடையது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கரையோரப் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். "கோலைப் பார்த்து எடுத்ததுங்க" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் ஆற்றில் நட்டிருக்கும் அளவுக்கோல் காட்டுவது நீர்மட்டத்தை. அவர் கேட்டது ஆற்றில் நொடிக்கு எத்தனை கனஅடி தண்ணீர் போகிறது என்பதை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

மேட்டூரிலிருந்து 2 லட்சம் கனஅடிக்கு மேல் திறந்திருந்த நேரம் அது. பவானிசாகரின் உபரி நீரும், பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறையில் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. சாதாரண நாளென்றால் காலையில் படகில் போய், ஆற்றின் அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழம் பார்ப்போம். அப்புறம் ஈயக் குண்டு கட்டிய வேகமானியை, மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்குக்கு இறக்கி, கிண்ணங்கள் சுற்றுவதை எண்ணுவோம். பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் ஓட்டம். அன்றைக்குப் படகை இறக்க வழியில்லை. வேரோடு மரங்கள் மிதந்து வந்தன.

அந்த மாதிரி நாட்களுக்காக ஒரு வளைகோடு வைத்திருக்கிறோம். பழைய அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று வரைந்தது. கீழ்ப்பகுதியில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். மேலே போகப் போகக் குறையும். உச்சியில் கோட்டை நாங்களாக நீட்டியிருப்போம். எங்கள் பகுதியில் 2005-க்குப் பிறகு அன்றுவரை அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. அதற்குள் மணல் அள்ளி ஆற்றின் அடியே மாறிவிட்டது. போதாததற்கு, ஒரே மட்டத்தில் வெள்ளம் ஏறும்போது போகும் தண்ணீர் வேறு, வடியும்போது போவது வேறு.

மட்டத்தைப் படிப்பது மட்டும் என்ன லேசா? டார்ச் வெளிச்சத்தில் அளவுக்கோலின் எனாமல் தகட்டைப் பார்த்தால், அலை ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குத் தாவும். மேலே தொடுவதையும் கீழே தொடுவதையும் பார்த்து நடுவை எடுக்க வேண்டும். அப்படி எடுத்ததைக் கடல்மட்டத்திலிருந்து மீட்டராக எழுதி, வளைகோட்டில் ஓட்டம் பார்த்து, கன மீட்டரை 35.3-ஆல் பெருக்கிக் கனஅடியாக்கிச் சொல்கிறோம். அது டிவியில் வரும்போது தேங்காயை எண்ணிப் போட்ட மாதிரி ஒரே எண்ணாக நிற்கிறது.

பெரியவருக்கு வேண்டியது கனஅடியே இல்லை. படித்துறையில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று அவரே பார்த்து வைத்திருந்தார். டிவியில் சொன்ன எண் ஏறியிருந்தது, அவர் பார்த்த படி அப்படியே இருந்தது. எதை நம்பி மோட்டாரைக் கழற்றுவது என்பதுதான் அவருடைய கேள்வி. டிவி சொன்னது மேட்டூர்த் திறப்பு, அது இங்கே வந்து சேர நேரமாகும் என்று நான் சொன்னேன். அவரும் மோட்டாரைக் கழற்றி மேட்டுக்கு ஏற்றிவிட்டார். ஆக, என் வேலை சரியாகத்தான் நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

மேலதிகாரியிடம் ஒருமுறை இதைப் பேசினேன். பதிவேட்டில் அளந்த ஓட்டமா, கணக்கிட்ட ஓட்டமா என்று தனியாகக் குறிக்கிறோம், போனில் சொல்லும்போது மட்டும் அந்தக் குறிப்பு விழுந்துவிடுகிறது என்றேன். அவர் சொன்னது: "தோராயம்னு சொன்னா ஒருத்தரும் வீட்டைக் காலி பண்ண மாட்டாங்க." அதையும் என்னால் தள்ள முடியவில்லை. வெள்ள நேரத்தில் தயங்கிச் சொன்ன எண்ணை யார் மதிப்பார்கள்? ஆனால் மக்கள் தயங்குவார்கள் என்பதற்காக நம்மிடம் இல்லாத உறுதியைக் காட்டலாமா?

இப்போது ரேடார் மட்டமானிகள் வந்துவிட்டன. அவையும் படிப்பது மட்டத்தைத்தான். ஓட்டம் அதே வளைகோட்டிலிருந்துதான் வருகிறது. கரையோரத்துக்காரர்கள் கேட்டால், மட்டம் எவ்வளவு, போன மணியிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. சரி, கீழே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் இருப்பவருக்கு? அதே ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு அங்கே கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. காவிரிக்கு எவ்வளவு, கொள்ளிடத்துக்கு எவ்வளவு என்று பிரித்து விடுகிறவருக்கு எங்கள் ஊர்ப் படிக்கணக்கு உதவாது. அவருக்குக் கனஅடிதான் வேண்டும், அதுவும் உடனே. அவர் கேட்டால் நானும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறேன்.