பழைய ட்வின் கேமுக்குப் புதிய கேம்: கொழும்பில் நான் பட்ட பாடு

என்னுடைய 2002ஆம் ஆண்டு ஹார்லி ரோட் கிங் மோட்டார் சைக்கிளில் கேம் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. வண்டி நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடுகிறது. ஆனாலும் நடுவில் என்னை அலையவைத்தவர்கள்மீது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கொழும்பில் இந்த ட்வின் கேம், அதாவது இரட்டைக் கேம் எஞ்சினை வைத்துக்கொண்டு, சம்பளக் காசில் அதைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1999 முதல் 2006 வரையான பெரும்பாலான ட்வின் கேம் 88 எஞ்சின்களின் நோய் உங்களுக்குத் தெரிந்ததே. கேம் செயின்கள் இரண்டையும் ஸ்பிரிங் அழுத்தத்தில் பிளாஸ்டிக் ஷூக்கள் (செயின் உரசி ஓடும் கட்டைகள்) இறுக்கிப் பிடித்திருக்கும். ஷூ தேய்ந்தால் துகள்கள் ஒயிலோடு கலந்து பம்ப்வரை போகும். என் வண்டி மனைவியையும் இரண்டு பெட்டி நிறையச் சாமான்களையும் சுமந்து யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று போய்வருகிற வண்டி. ஏற்றங்களில் இழுவை போதவில்லை என்பதால்தான் கேம் மாற்ற நினைத்தேன். மூடியைத் திறக்கிற கையோடு ஷூக்களையும் மாற்றிவிடலாம் என்பது கணக்கு.

முதல் கோபம் ஒரு கராஜ்மீது. ‘ஷூ நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம்’ என்று சொல்லி, பார்த்த கூலியும் வாங்கியிருந்தார்கள். அவர்கள் பார்த்தது வெளிச்செயினின் ஷூவை மட்டும். இரண்டு கேம்களையும் இணைக்கிற உட்செயின், கேம்களைத் தாங்கும் தகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. தகட்டைக் கழற்றாமல் அதன் ஷூவை ஒழுங்காகப் பார்க்கவே முடியாது. நான் கழற்றினேன். செம்மஞ்சள் நிற ஷூவின் முகத்தில் செயின் ஆழமாக வரி வெட்டியிருந்தது. ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு துண்டு உடைந்து போயிருந்தது. அந்தத் துண்டைத் தேடிப் பம்பை முழுதாகப் பிரித்தேன். கடைசியில் ஒயில் ஃபில்டரை வெட்டி விரித்தபோது அதன் மடிப்புகளுக்குள் பொடியாகக் கிடைத்தது. பம்பின் சுவரில் கீறல்கள் இருந்தன, ஆனால் நகத்தில் தட்டவில்லை. தப்பித்தது. 40,000 கிலோமீற்றர் தாண்டிய வண்டியென்றால் யார் என்ன சொன்னாலும் உட்பக்க ஷூவை உங்கள் கண்ணால் பாருங்கள்.

ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒயில் அழுத்தத்தால் செயினை இறுக்கும் ஹைட்ரோலிக் டென்ஷனருக்கு மாறுவது நல்ல தீர்வுதான், ஆனால் அந்தச் செலவு எனக்குக் கட்டுப்படியாகாது. செயினே இல்லாமல் பற்சக்கரத்தில் ஓடும் கேம்களுக்கு கிராங்கின் ஆட்டம் 0.003 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அளந்து பார்த்து அது கூடுதலாக இருந்தால் போட்ட காசு வீண். அதனால் புதிய ஷூக்கள், ஆண்ட்ரூஸ் 21 கேம்கள் என்று முடிவெடுத்தேன். பாரமான டூரிங் வண்டிக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை தருகிற கேம் அது. வால்வு ஸ்பிரிங்கைத் தொடாமலே போடலாம். வெளிநாட்டில் ஒருவர் தன் எஞ்சினிலிருந்து கழற்றிய சோடியை வாங்கினேன்.

பொதி கொழும்புக்கு வந்ததும் அடுத்த தலைவலி. சுங்க அனுமதி பெற்றுத் தரும் கவுண்டரில் இருந்தவர் விலைச்சீட்டில் ‘எஞ்சின்’ என்ற சொல்லைக் கண்டதும் முகத்தைச் சுருக்கினார். எஞ்சின் இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அது இல்லாமல் பொதி அசையாது என்றார். இது எஞ்சின் அல்ல, உள்ளே சுழலும் இரண்டு தண்டுகள் என்று எத்தனை விதமாகச் சொல்லியும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘எல்லாம் ஒன்றுதான், நாளைக்கு வாருங்கள்’ என்பதே பதில். இரவு சுங்கத் தீர்வை அட்டவணையைத் தேடி எடுத்தேன். கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட் இரண்டும் 8483.10 என்ற தலைப்பில் பெயர் சொல்லியே இருக்கின்றன. எஞ்சின்கள் வருவது 8407இல். அந்தப் பக்கத்தை அச்சிட்டு, வரியின் கீழ் கோடிட்டு, மறுநாள் அவருடைய மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்தார், கையெழுத்திட்டார், பொதி வெளியே வந்தது. பெயாரிங் வரவழைக்கிறவர்கள் அதற்கான 8482ஐயும் சேர்த்து அச்சிட்டுக்கொண்டு போங்கள்.

அவ்வளவு போராடி எடுத்த பெட்டியை வீட்டில் திறந்தால், உள்ளே இருந்தவை 2007 முதல் வந்த பிந்திய கேம்கள். நம்முடைய பழைய எஞ்சினில் கேமின் வெளிமுனையில் பெயாரிங் ஏற்றப்பட்டிருக்கும். பிந்திய கேம்களில் அது கிடையாது, முனை நேராகத் தகட்டிலேயே சுழலும். என் கையில் இருந்தவற்றில் பெயாரிங் அமரும் இடமே இல்லை. விற்பனைக் குறிப்பில் ‘1999–2006’ என்று எழுதிவிட்டு இதை அனுப்பியிருக்கிறார்! காசு கொடுக்குமுன் வெளிமுனையின் படத்தைத் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். வேறொருவரிடம் வாங்கிய சோடி அதே அச்சுப் பக்கத்தைக் காட்டியதும் தடையில்லாமல் வந்துவிட்டது.

அடுத்தது கேம்களின் உள்முனை சுழலும் உள் பெயாரிங்குகள். எஞ்சினோடு வந்த, உருளைகளை இடைவெளிவிட்டுப் பிடிக்கும் கூடு வைத்த பெயாரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். பி-148 என்ற இலக்கத்தில் வருவது கூடு இல்லாமல் முழுவதும் ஊசி உருளைகளால் நிறைந்தது. பாரம் தாங்கும். ஹார்லி பெயர் போட்ட உறையில்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். அது பொதுவான தொழிற்சாலை அளவு. 14 என்றால் உள்விட்டம் பதினாறில் பதினான்கு அங்குலம், அதாவது 7/8. 8 என்றால் அகலம் பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலம்.

இலக்கத்தை எழுதிக்கொண்டு, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஒரு கடையில் கடைக்கார நானா ஒரு பெயாரிங்கை எடுத்து வைத்து, ‘தம்பி, இலக்கம் வேறு, சாமான் ஒன்றுதான். மெதுவாகத் தட்டினால் ஏறிவிடும்’ என்றார். வேர்னியரால் அளந்தேன். 22 மில்லிமீற்றர். நமக்கு வேண்டியது 22.225. இந்த இடத்தில் மயிரிழை வித்தியாசம்கூட எஞ்சினைத் தின்றுவிடும். அளந்து காட்டிய பிறகும் அவர் விடுவதாக இல்லை, நானும் வாங்குவதாக இல்லை. அன்றைய பயணம் வீண். பிறகு, ஆலை இயந்திரங்களுக்குப் பெயாரிங் விற்கும் சிறிய கடையொன்றில் இலக்கத்தைச் சொன்னவுடனேயே எடுத்துத் தந்தார்கள், அதுவும் நான் பயந்திருந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு.

பழைய பெயாரிங்கைப் பின்பக்கமிருந்து தட்டிக் கழற்ற வழியில்லை. அதற்கான இழுப்புக் கருவி அதிக விலை. கிராண்ட்பாஸில் லேத் வைத்திருக்கும் ஓர் அண்ணன் பழைய பெயாரிங்கின் அளவெடுத்து, பழைய சோனகத் தெருவில் நான் வாங்கிப்போன மரை வெட்டிய கம்பியைக் கொண்டே இழுக்கவும் ஏற்றவும் ஒரே கருவி செய்து தந்தார். கேமில் ஏறும் வெளிப் பெயாரிங்குகளையும் அவரே பிரஸ்ஸில் ஏற்றினார். இழுக்குமுன் பெயாரிங்குக்குப் பின்னால் துணியை அடைத்துவிடுங்கள், ஓர் ஊசி உள்ளே விழுந்தாலும் எஞ்சினைப் பிளக்க வேண்டிவரும். புதியதை எழுத்துப் பொறித்த பக்கத்திலிருந்துதான் அழுத்த வேண்டும்.

கேமின் அசைவை மேலே வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பிதான் புஷ் ரொட். அளவு மாற்றக்கூடிய புஷ் ரொட் வாங்கினால் டாங்கியையும் ராக்கர் பெட்டியையும் கழற்றத் தேவையில்லை. அந்தக் காசை மிச்சம் பிடித்து, பழைய ரொட்களையே போட்டேன். எக்ஸாஸ்ட் வால்வின் ரொட் இன்டேக் வால்வின் ரொட்டைவிட நீளமானது, மாறினால் ஆபத்து. ஓர் அட்டையில் துளையிட்டு, பெயரெழுதி, கழற்றிய அதே வரிசையில் குத்தி வைத்தேன். மாட்டிய பிறகு லிஃப்டர் (கேமுக்கும் ரொட்டுக்கும் நடுவில் இருப்பது) ஒயிலை வெளிவிட்டு, ரொட் விரலால் சுழலும்வரை எஞ்சினைத் திருப்பக் கூடாது. இதில் அவசரப்பட்டால் வால்வு வளையும். பற்சக்கரங்களின் அடையாளப் புள்ளிகளை நேர் பார்த்துச் செயின் மாட்டியதும் மூடியதும் சொல்ல ஒன்றுமில்லாமல் நடந்தன. கார்புரேட்டர் வண்டி என்பதால் பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட் ஒன்றை மாற்றியதோடு சரி.

கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தை, மனைவியும் பெட்டிகளும் இருக்க, நான்காவது கியரிலேயே ஏறினேன். முன்பு அங்கே மூன்றாவதுக்கு இறங்காமல் ஒருநாளும் ஏறியதில்லை. பின் சிலிண்டரின் புஷ் ரொட் குழாயடியில் மட்டும் ஒயில் இலேசாகக் கசிகிறது. அங்குள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். தவறான கேமை அனுப்பியவர் அதன் விலையைத் திருப்பித் தந்துவிட்டார். அனுப்பிய கூலியைத் தர மறுக்கிறார். அவருடைய விற்பனைக் குறிப்பின் பிரதி என்னிடம் இருக்கிறது, அதையும் வாங்காமல் விடமாட்டேன்.