பத்துத் துளைகளில் சரளி வரிசை

நாற்பது வயதுக்குப் பிறகு ஹார்மோனிகா (மௌத் ஆர்கன்) கற்கத் தொடங்கியவன் நான். முதல் ஓராண்டு முழுவதும், காதில் விழுந்த பல்லவியைத் தேடிப் பிடித்து ஊதுவதும் பிடிபடாத இடத்தைத் தாண்டிப் போவதுமாகக் கழிந்ததால், ஆண்டு முடிவில் ஏழெட்டுப் பல்லவிகள் கைவசம் இருந்தனவே தவிர, ஒரு ஸ்வரத்தைக் கேட்டால் அது எந்தத் துளையில் இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்வர வரிசைகளை மட்டும் பயின்றேன். அதில் எது பயன்பட்டது, எது நேரத்தைத் தின்றது என்பதை இதே வழியில் இறங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

கடையில் மௌத் ஆர்கன் என்று பொதுவாகக் கேட்டு வாங்கியபோது எனக்குக் கிடைத்தது ட்ரெமொலோ வகை. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சிறிதே சுருதி விலக்கப்பட்ட இரண்டு ரீடுகள் (காற்றில் அதிரும் உலோக நாக்குகள்) சேர்ந்து ஒலிப்பதால் இனிமையான ஓர் அலைவு கிடைக்கும். ஆனால் கீழே நான் சொல்லப்போகும் வளைப்புகளுக்கு, அதாவது நாக்கின் நிலையை மாற்றி ஒரு ஸ்வரத்தைக் கீழிறக்குவதற்கு, அது ஒத்துவராது. நான் பயின்றது ஒரே சுருதியின் ஏழு ஸ்வரங்களுக்கென்று அமைந்த 10 துளை டயடானிக், C சுருதி, அதாவது நம் கணக்கில் 1 கட்டை. பொத்தானை அழுத்தினால் அரை ஸ்வரம் ஏறும் குரோமாட்டிக் வகையில் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களும் சிரமமின்றிக் கிடைக்கும் என்பது உண்மைதான். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

டயடானிக்கில் சங்கராபரண ராகத்தின் ஏழு ஸ்வரங்களும் வளைப்பின்றி முழுமையாகக் கிடைப்பது நடு ஸ்தாயியில் (ஸ முதல் மேல் ஸ வரையிலான நடு அடுக்கில்), 4 முதல் 7 வரையிலான துளைகளில் மட்டுமே. 4 ஊதினால் ஸ, 4 இழுத்தால் ரி, 5 ஊதினால் க, 5 இழுத்தால் ம, 6 ஊதினால் ப, 6 இழுத்தால் த என்று ஊதலும் இழுப்பும் மாறி மாறி வந்து பழகிய பிறகு, 7ஆம் துளையில் வரிசை தலைகீழாகிறது. அங்கே நி இழுப்பில் முதலில் வருகிறது. மேல் ஸ ஊதலில் பிறகு வருகிறது. த, நி இரண்டும் அடுத்தடுத்த இழுப்புகள் ஆகிவிடுவதால் மூச்சு பழக்கத்தின்படி திரும்பப் பார்க்கும். வாய் தவறான ஸ்வரத்தில் போய் நிற்கும். நான் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இந்த ஓரிடத்தில் தடுக்கி விழுந்தேன்.

ஆகவே, முதல் வரிசையாகச் சங்கராபரணத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. மோகனத்தில் தொடங்குங்கள். ஸ, ரி, க, ப, த, ஸ என்ற அந்த ஐந்து ஸ்வர ராகத்தில் நிஷாதமே (நி) இல்லை என்பதால் 7ஆம் துளையின் குழப்பம் தலைகாட்டாது; உதட்டை ஒரு துளையில் நிறுத்தி ஒற்றை ஸ்வரம் எழுப்புவதில் மட்டும் கவனம் செலுத்தலாம். விசில் அடிக்கும்போது குவிப்பதைப் போல் உதட்டைக் குவித்து, கருவியை நுனியில் ஒட்டவைக்காமல் உதட்டின் ஈரமான உட்பகுதி வரை நன்றாக உள்ளே வைக்க வேண்டும். அது படிந்த பிறகு ஹம்ஸத்வனிக்குப் போகலாம். அதில் த இல்லாமல் 6 ஊதலிலிருந்து நேரே 7 இழுப்புக்குத் தாவ வேண்டியிருப்பதால், நிஷாதம் தனியாகப் பழக்கமாகிவிடும். இவ்விரண்டையும் தலா மூன்று வாரங்கள் வாசித்துவிட்டுச் சங்கராபரணத்துக்குத் திரும்பியபோது, நான்கு மாதத் தடுக்கல் நான்கு நாளில் தீர்ந்தது.

மூச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹார்மோனிகாவில் திணறல் ஏற்படுவது பெரும்பாலும் காற்று போதாமல் அல்ல, காற்று மிஞ்சிப்போய். ஒரு ஸ்தாயியில் நான்கு ஊதல், நான்கு இழுப்பு என்று கணக்கு சமமாகத் தெரிந்தாலும், தொடக்கநிலையில் நாம் இழுப்புகளை ஊதல்களைவிட அழுத்தமாக இழுப்பதால் நான்காவது வரிக்குள் நெஞ்சு புடைத்துவிடுகிறது. ஊதல் ஸ்வரங்களின்போது மிச்சக் காற்றை மூக்கு வழியாகச் சிறிது சிறிதாகக் கசியவிடுவதும், வரி முடிவில் முழுதாக வெளியேற்றுவதும் இதற்குத் தீர்வு.

இனி வளைப்பு. ஒரே துளைக்குள் ஊதல் ரீடும் இழுப்பு ரீடும் சேர்ந்திருக்கின்றன. 1 முதல் 6 வரையிலான துளைகளில் இழுப்பு ஸ்வரமே உயர்ந்தது என்பதால், இழுத்துக்கொண்டே நாக்கின் பின்பகுதியை ‘ஈ’ நிலையிலிருந்து ‘ஊ’ நிலைக்குத் தாழ்த்தினால் ஸ்வரம் கீழிறங்கும். ஊதல் ஸ்வரத்துக்கு ஏறத்தாழ அரை ஸ்வரம் மேலே வந்ததும் நின்றுவிடும். இதனால் 4ஆம் துளையில் சதுஸ்ருதி ரிஷபம் (ரி) அதற்கு அரை ஸ்வரம் கீழான சுத்த ரிஷபமாகவும், 6ஆம் துளையில் சதுஸ்ருதி தைவதம் (த) அதேபோல் சுத்த தைவதமாகவும் வளைகின்றன. 5ஆம் துளையில் ஊதலுக்கும் இழுப்புக்கும் இடையே அரை ஸ்வரமே இருப்பதால் அங்கே முழு அரை ஸ்வர வளைப்பு கிடைக்காது. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான், சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் கொண்ட மாயாமாளவகௌளை, சங்கீதம் கற்கும் குழந்தைகளுக்கு முதலில் சொல்லித்தரப்படும் அதே 15ஆவது மேளம் (தாய் ராகம்), இந்த இரண்டு வளைப்புகளோடு நடு ஸ்தாயியில் அப்படியே உட்கார்ந்திருப்பது புலப்பட்டது. அன்றிலிருந்து, அந்த ராகத்தில் குழந்தைகள் பாடிப் பழகும் முதல் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசைதான் என் பாடநூல்.

குழந்தைக்கு எளிதான பாடம் இந்தக் கருவியில் எளிதல்ல. மேலைப் பயிற்சிகளில் ஸ்வரத்தை முதலில் முழுதாக எழுப்பிவிட்டு மெல்ல வளைத்துத்தான் நான் பழகியிருந்தேன். சரளியிலோ ஸ-விலிருந்து நேரே சுத்த ரிஷபத்தில் இறங்க வேண்டும். வழியில் சதுஸ்ருதி ரிஷபம் தலைகாட்டினால் ராகம் கெட்டுவிடும். அடுத்த அறையில் பாட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் எட்டிப் பார்த்து, “அப்பா, உங்க ரி அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல” என்றாள். சுருதி காட்டும் செயலியைத் திறந்து பார்த்தேன். 587 ஹெர்ட்ஸில் நிற்கும் ரிஷபம் 554க்கு இறங்க வேண்டிய இடத்தில், என் ரிஷபம் 570க்கும் 565க்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தது. கருவியை வாயில் வைப்பதற்கு முன்பே நாக்கை வளைந்த நிலையில் தயாராக வைத்து, பிறகு மெல்லிய மூச்சில் இழுப்பதுதான் வழி என்று பிடிபட எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. 6ஆம் துளையில் இன்னொரு சிக்கல் உண்டு. தைவதத்திலிருந்து நிஷாதத்துக்கு நகரும்போது நாக்கை விடுவிக்க மறந்தால் 7 இழுப்பு அடைத்துக்கொள்ளும், ஏனென்றால் அந்தத் துளையில் இழுப்பு ஸ்வரம் ஊதலைவிடத் தாழ்ந்தது. அது கீழே வளையாது.

வலுவாக இழுத்தால் வளையும் என்று நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்ததன் விலை ஒரு ரீடு: எட்டாவது மாதத்தில் 4 இழுப்பு, வளைக்காதபோதே 20 சென்ட் (அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு) தாழ்ந்து ஒலித்து, தம்புராவோடு சேராமல் போனது. சாப்பிட்ட கையோடு வாய் கொப்பளிக்காமல் வாசித்ததும் ரீடுகளுக்கு நல்லது செய்திருக்காது. இப்போது வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கியிருக்க உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றி, சிறிது நேரம் திறந்தே உலரவைக்கிறேன்.

காலப் பயிற்சிக்கு மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று மூன்று காலங்களிலும் ஒரே வரிசையை வாசிப்பது நம் பழைய முறைதான். அதற்கு மாற்றாக வேறெதையும் நான் தேடவில்லை. இரண்டாம் காலத்தில் வளைப்பு கலங்கினால் மூன்றாம் காலத்தை அன்று தொடுவதில்லை. ஜண்டை வரிசை எனக்கு எதிர்பாராத வகையில் உதவியது. ஸஸ ரிரி என்று ஒரே ஸ்வரம் இரட்டிக்கும்போது மூச்சை நிறுத்தித் தொடங்கினால் தொண்டை இறுகுகிறது. மாறாக, மூச்சு ஓடிக்கொண்டிருக்க, நாக்கு நுனியால் ‘து-து’ என்று மேல்பல்லின் பின்புறம் தொட்டால் இரண்டும் பிரிந்து கேட்கும், இரண்டாவதற்கு உரிய அழுத்தமும் கிடைக்கும். வளைந்த ரிஷபத்தில் இதைச் செய்ய முயன்றால், நாக்கு நுனி தொடும்போது பின்பகுதி உயர்ந்து சுருதி ஏறிவிடுகிறது என்பது தெரியவரும். அந்த இரண்டையும் தனித்தனியே இயக்கப் பழகியதுதான், என் வாசிப்பில் பிறருக்குத் தெரியும்படி ஏற்பட்ட முதல் முன்னேற்றம் என்று சொல்வேன்.

தினமும் காலையில் 35 நிமிடங்கள் ஒதுக்குகிறேன். அதில் பாதி வளைப்புகளுக்கே போய்விடுகிறது. வாரக் கடைசியில் ஒரு வரிசையைக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்கிறேன். வாசித்த உடனே கேட்டால் காது நமக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லும்.

இப்போது கீழ் ஸ்தாயியில் இறங்கியிருக்கிறேன். அங்கே மத்யமத்துக்கு (ம) 2 இழுப்பை ஒரு முழு ஸ்வரம் வளைக்க வேண்டும். சுத்த தைவதத்துக்கு 3 இழுப்பின் மூன்று வளைப்புகளில் கடைசிப் படி வரை இறங்க வேண்டும். மத்யமம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. தைவதம் பத்து முறையில் நான்கு முறை சரியான இடத்தில் விழுகிறது; மற்ற ஆறு முறை, மகள் அடுத்த அறையிலிருந்து சரியான ஸ்வரத்தைப் பாடிக் காட்டுகிறாள்.