கசகசா தின்னுற எறும்பு

எறும்பு வளர்க்குறேன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் சீனி போடுவியான்னுதான் கேக்குறாங்க, ஆனா இவங்களுக்கு மெயின் சாப்பாடு கசகசாவும் தினையும்தான். நான் வச்சிருக்குறது மெசர் பார்பரஸ்ங்குற ஹார்வெஸ்டர் எறும்பு, அதாவது விதை சேர்த்து வச்சு தின்னுற வகை, ஸ்பெயின், மொராக்கோ பக்கமெல்லாம் சாதாரணமா இருக்குறது, நான் மாட்ரிட்ல இருக்குறதால இங்கயே கிடைச்ச ராணி.

ஒரு டெஸ்ட் டியூப், அடியில தண்ணி, அதை அடைச்சு பஞ்சு, ராணிய உள்ள விட்டு வாயையும் பஞ்சால அடைச்சு இருட்டுல வச்சிட்டா போதும். சாப்பாடு தேவையில்ல, இறக்கைய உதிர்த்த ராணி அந்த பறக்குற தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைச்சே முதல் பிள்ளைங்கள வளர்த்துடும். அந்த ஒன்றரை ரெண்டு மாசம் டார்ச் அடிச்சு அடிச்சு பாக்கக்கூடாது, பயந்துச்சுன்னா முட்டைய அதுவே தின்னுடும்.

காலனி பெருசானதும்தான் பெரிய தலை வச்ச வேலைக்கார எறும்புங்க வருவாங்க, அப்புறம் கண்ணெடுக்க முடியாது. ஒருத்தி தினையை தாடையில வச்சு நெரிச்சு உடைப்பா, மத்தவங்க எச்சில் கலந்து மென்னு மென்னு வெளிர் நிறத்துல மாவு உருண்டையா ஆக்குவாங்க, இதைத்தான் எறும்பு ரொட்டின்னு சொல்றாங்க, அதைக் கொண்டுபோய் புழு மாதிரி இருக்குற குஞ்சுங்களுக்கு ஊட்டுவாங்க. உமி மட்டும் தனியா ஒரு மூலையில குமியும். கூட்டுல ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ஞ்சு இருக்கணும், விதை ஈரத்துல கிடந்தா முளைச்சிடும், இல்ல பூஞ்சை பிடிக்கும். அப்பப்போ புழு, ஈ ஏதாவது வெட்டிப் போடணும், புரதமும் வேணும்ல. ஜிப்சம் கூடு மட்டும் வேணாம், கடிச்சே ஓட்டை போட்டுடுவாங்க.

ஆப்பிரிக்கால இருக்குற மெசர் செஃபலோட்ஸ்ங்குற இன்னொரு ஹார்வெஸ்டர் எறும்பு பெருசு, அழகு, அதனாலயே ஐரோப்பால அதுக்கு அவ்வளவு கிராக்கி. 2025 ஏப்ரல்ல கென்யால ரெண்டு பெல்ஜியம் பசங்க சுமார் 5,000 எறும்போட மாட்டுனாங்க, பெரும்பாலும் ராணிங்க, கோர்ட்ல ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் ஃபைன், கட்டலன்னா ஒரு வருஷம் ஜெயில். எனக்கு படிக்கவே வயிறு எரிஞ்சுது, ஒவ்வொரு ராணியும் அங்க ஒரு புத்து ஆகியிருக்க வேண்டியது, அந்தப் புல்வெளில விதையெல்லாம் பரவுறதுல இவங்களுக்கும் பங்கு இருக்கு. தயவுசெஞ்சு அதையெல்லாம் ஆன்லைன்ல வாங்காதீங்க.

மாட்ரிட் பக்கம் யாராவது இருந்தா செப்டம்பர், அக்டோபர்ல நல்ல மழை பேஞ்ச மறுநாள் வெயில் வந்ததும் தரையைப் பாத்து நடங்க, இறக்கை இல்லாம தனியா அலையுற தடிச்ச கருப்பு எறும்பு கண்ணுல பட்டா அதுதான் ராணி, ஒண்ணே ஒண்ணு போதும்.