குத்துக்காயம் இடுப்புக்குழிக்குள் போயிருந்தால்: எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, நான் படித்த விதம்

எங்கள் துறையில் நடந்த மாதிரி வைவாவில் ஒரு கேள்வி: "இடுப்புக்குழியில் ரெட்ரோபெரிட்டோனியல் ஹீமட்டோமா (வயிற்று உறைக்குப் பின்னால் தேங்கிய ரத்தக்கட்டு). திறப்பீர்களா?" "மாட்டேன் சார்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். "பேஷன்ட்டுக்குக் கத்திக்குத்து" என்றார் தேர்வாளர்.

விபத்தில் எலும்பு முறிந்து தேங்கும் ரத்தத்துக்கான பதிலை ஒப்பித்திருந்தேன். குத்துக்காயத்தில் மூன்றாம் மண்டல (இடுப்புக்குழிப் பகுதி) ஹீமட்டோமாவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இலியாக் நாளம் (இடுப்பு வழியே காலுக்குப் போகும் பெரிய ரத்தநாளம்) கிழிந்திருக்கலாம். அதற்கு முன் மேலே அயோர்ட்டா (பெருந்தமனி) பிரியும் இடம், கீழே இங்குவினல் லிகமென்ட் (தொடை இடுக்கின் தசைநார்) பக்கம், இரண்டு இடத்திலும் ரத்த ஓட்டம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். "திறப்பேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அடுத்த கேள்வி நிச்சயம் அதுதான். அதனால் முதலில் காயம் எப்படிப் பட்டது என்று கேட்டுவிட்டுப் பதிலைத் தொடங்குங்கள்.

எனக்கு இந்தப் பாடம் முழுதாகப் புரிந்தது ஒரு பொங்கல் இரவு டியூட்டியில். மாடு முட்டிய இளைஞர். ஆசனவாய்க்குப் பக்கத்தில் மூன்று சென்டிமீட்டர் காயம், ரத்தம்கூட நின்றிருந்தது. பி.பி. சரி, வயிறு இளக்கமாக இருந்தது. தையல் போட்டு வார்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றும். சீனியர் அக்கா கையுறை மாட்டி பி.ஆர். (ஆசனவாய்க்குள் விரல் விட்டுச் செய்யும் சோதனை) பார்த்தார். வெளியே எடுத்த விரல் நுனியில் ரத்தம். கொம்பு உள்ளே போனபின் மாடு தலையை ஆட்டும். வெளியே ஒரு ஓட்டை, உள்ளே பல திசைகளில் கிழிசல். சிக்மாய்டோஸ்கோப்பியில் (ஆசனவாய் வழியே குழாய் விட்டுப் பார்ப்பது) மலக்குடலின் கீழ்ப்பகுதி கிழிந்திருந்தது தெரிந்தது. அன்றிரவே கொலோஸ்டமி (மலம் வெளியேற வயிற்றில் வழி வைப்பது).

மலக்குடலில் அதிகம் கேட்பது, காயம் பெரிட்டோனியத்துக்கு (வயிற்று உள்ளுறைக்கு) மேலா, கீழா என்றுதான். மேலே என்றால் பெருங்குடல் காயம் போலவே தைக்கலாம். கீழே என்றால் மலத்தைத் திருப்பிவிட வேண்டும். பழைய நோட்ஸில் நான்கு 'டி' இருக்கும்: டைவர்ஷன் (மலத்தைத் திருப்புவது), டிரெய்னேஜ் (வடிகுழாய் வைப்பது), டிஸ்டல் வாஷவுட் (கீழ் மலக்குடலைக் கழுவுவது), டைரக்ட் ரிப்பேர் (நேரடியாகத் தைப்பது). போர்க்கள அனுபவத்தில் பிறந்த முறை அது. அமெரிக்காவின் ஈஸ்ட் (விபத்துக் காய அறுவை மருத்துவர்களின்) அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டல் டைவர்ஷனை ஏற்கிறது. பிரீசேக்ரல் டிரெய்னும் (மலக்குடலுக்குப் பின்னால் வைக்கும் வடிகுழாய்) வாஷவுட்டும் வழக்கமாக வேண்டாம் என்கிறது. பழைய முறை, இந்த வழிகாட்டல் இரண்டையும் சொல்லுங்கள்.

சிறுநீர்ப் பாதையில், சிறுநீர்த் துவாரத்தில் ரத்தம் தெரிந்தால் யூரெத்ரோகிராம் (சிறுநீர் வெளியேறும் குழாயின் எக்ஸ்ரே) எடுக்காமல் கதீட்டர் போடக் கூடாது. பேஷன்ட் நிலையாக இருந்தால் சி.டி.; சிறுநீர்ப்பையைப் பார்க்க 300 மில்லியாவது நீர்த்த கான்ட்ராஸ்ட் (படத்தில் தெரியும் மருந்து) நிரப்பி சிஸ்டோகிராம். பி.பி. இறங்கினாலோ பெரிட்டோனைட்டிஸ் (வயிற்று உறை அழற்சி) இருந்தாலோ சி.டி. பேச்சே வேண்டாம், நேராக தியேட்டர். கிழிந்த சிறுநீர்ப்பையை இரண்டு அடுக்காக, கரையும் நூலால் தைப்பார்கள். யூரெட்டரின் (சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்) கீழ்ப்பகுதி அறுந்தால் சிறுநீர்ப்பையிலேயே திரும்பப் பொருத்தலாம். உயிர் ஊசலாடும்போது யூரெட்டரைக் கட்டிவிட்டு ஆபரேஷனை முடித்து, பிறகு நெஃப்ராஸ்டமி (சிறுநீரகத்திலிருந்து நேராக வெளியே குழாய்).

நாளங்களை இப்படி நினைவில் வைத்தேன்: உள் இலியாக் தமனியைக் கட்டலாம். பொது, வெளி இலியாக் தமனிகளைக் கட்டினால் கால் போகும்; நேரமில்லை என்றால் தற்காலிக ஷன்ட் (ரத்தம் ஓட வைக்கும் இணைப்புக் குழாய்). சிரைகளைத் தைக்க முடியாவிட்டால் கட்டலாம்.

அப்புறம், பேஷன்ட்டை எந்த பொசிஷனில் படுக்க வைப்பீர்கள் என்று கேட்பார்கள். லித்தாட்டமி (மல்லாந்து, கால்களைத் தூக்கி விரித்த நிலை) என்று சொல்லுங்கள். அடிவயிறு, பெரினியம் இரண்டுக்கும் கை எட்டும். நெஞ்சிலிருந்து முழங்கால் வரை கிருமிநாசினியால் பெயின்ட் பண்ண வேண்டும் என்பதையும் சேருங்கள். கிழிந்த நாளத்துக்கு கிராஃப்ட் (ஒட்டு) தேவைப்பட்டால் சஃபினஸ் சிரையைத் தொடையிலிருந்துதான் எடுப்பீர்கள்.