ஆரி வகுப்பு முடிந்த பிறகுதான் தலைவலி ஆரம்பம்

ஆரி என்பது கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்பிராய்டரி. அந்த வகுப்பில் செயின், வாட்டர் ஃபில்லிங், லோடு (நூலை நெருக்கி நிரப்பும் தையல்), ஜிக்ஜாக், ஜர்தோசி (சுருள் கம்பி போன்ற ஜரிகை), கட் பீட்ஸ், மிரர் என்று அத்தனையும் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் போட்டு ஆல்பமாக ஒட்டி, ஒரு சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் துணியில் அளவை எப்படிக் குறிப்பது, டிசைனை எப்படி இறக்குவது, வேலை முடிந்த துணியை எப்படி வெட்டித் தைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆர்டர் பிளவுஸில் கைக்காசு போவதெல்லாம் இந்த மூன்று இடத்தில்தான்.

அதனால் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "அளவு பிளவுஸ் வைத்து மார்க் பண்ணி, ட்ரேஸ் எடுத்து, ஒரு முழு பிளவுஸ் தைத்து முடிக்கிற வரைக்கும் காட்டுவீங்களா?" அது அட்வான்ஸ் கோர்ஸ், அதற்குத் தனி ஃபீஸ் என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

அந்தச் சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில வார வகுப்புக்குத் தனியார் கொடுக்கும் காகிதம் சுவரில் மாட்டத்தான் உதவும். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு 6 மாதம் தையல் பயின்ற சான்று வேண்டும், வயது 20 முதல் 40க்குள் இருக்க வேண்டும். கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கான திட்டம் அது. ஆரி சான்றிதழை எடுத்துக்கொண்டு போனால் "இது தையல் இல்லையேம்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தையல் பயிற்சி இலவசம். ஆரியை எங்கே கற்றாலும் தையலை அங்கே கற்றுக்கொள்வது புத்திசாலித்தனம். ஆரி மட்டும் தெரிந்து தையல் தெரியாதவர் காலம் முழுக்க டெய்லரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஊசிக்கு வருவோம். பிடியில் மாட்டும்போது கொக்கியின் வாயும் பிடியிலுள்ள திருகும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். துணிக்கு அடியில் போன கொக்கி கண்ணுக்குத் தெரியாது. திருகு இருக்கும் பக்கம்தான் கொக்கி என்று விரல் பழகிவிடும். போகிற திசையைப் பார்த்துக் குத்தி, அடியில் நூலைச் சுற்றி, பிடியை அரைச் சுற்று திருப்பி மேலே எடுங்கள். திருப்பாமல் எடுத்தால் கொக்கி துணியின் இழையையே பிடித்து இழுக்கும். காட்டனில் அது தேய்த்துவிட்டால் போய்விடும். பட்டில் போகாது. வரிசை முடிவில் நூலைப் பூட்டாமல் வெட்டினால், ஒரு இழுப்பில் மொத்த செயினும் உருவிக்கொண்டு வரும்.

மணி வேலைக்குத் தனி ஊசி வேண்டும், அதுவும் மெல்லியதாக. நம் ஊர் முறையில் மணியை ஊசியில் கோத்து, கீழிருந்து நூலை அதன் துளை வழியாக மேலே இழுக்கிறோம். துளையை விட ஊசி தடிமனாக இருந்தால் மணி விரிசல் விடும், உடைந்த விளிம்பு நூலை அறுக்கும். சுகர் பீட்ஸ் எனும் பொடி மணி வாங்கப் போகும்போது ஊசியைக் கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே நுழைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

மதுரைப் பக்கத்துக்காரர்கள் பழைய நினைப்பில் புதுமண்டபத்துக்குப் போய் நிற்காதீர்கள். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. எந்தக் கடையானாலும் முதல் தடவை கிலோ கணக்கில் வாங்க வேண்டாம். "மொத்தமா எடுத்தா ரேட் குறைப்பேன்" என்று தலையில் கட்டுகிற ஜர்தோசி பல நேரம் நாள்பட்ட சரக்கு. சில மாதத்தில் பொன் நிறம் போய்ச் செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். அரக்கு, கருநீலம், அடர்பச்சை நூல்களை வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள்: ஒரு முழம் நூலை நனைத்து, வெள்ளைக் காட்டன் துணியில் மடித்து வைத்து மேலே இஸ்திரிப்பெட்டியை அழுத்துங்கள். துணியில் சாயம் இறங்கினால் அந்தக் கோன் வெளிர் நிறப் பட்டுக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. நூல் வாங்கும்போது கோனில் ஒட்டியுள்ள நிற எண்ணைக் குறித்து வையுங்கள். பிளவுஸ் கை பாதி முடிந்த நிலையில் நூல் தீர்ந்தால், கண் மதிப்பில் வாங்கிய மறு கோன் கண்டிப்பாக வேறு சாயலில்தான் வரும்.

இப்போது துணி. பட்டுப்புடவையோடு வரும் பிளவுஸ் பிட் பெரும்பாலும் 80 செ.மீ. தான். தைக்கப் போதும், பிரேமில் கட்டப் போதாது. பிட்டின் நாலு ஓரத்திலும் பழைய காட்டன் துணியை மூன்று, நாலு இன்ச் அகலத்துக்கு இணைத்துத் தைத்துக்கொண்டு, அந்தக் காட்டனைத்தான் பிரேமில் இழுத்துக் கட்ட வேண்டும். தனித் துணி எடுப்பவர்களிடம் 1 மீட்டர் எடுக்கச் சொல்லிவிடுங்கள். புடவையிலிருந்து பிட்டை நீங்கள் வெட்டவே வேண்டாம். சில புடவையில் பிட் முந்தியை ஒட்டி இருக்கும், சிலதில் உள்கட்டுப் பக்கம் இருக்கும், சிலதில் இரண்டுக்கும் நடுவே கோடுகூட இருக்காது. வாடிக்கையாளரையே வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது அவர் கண் முன்னால் வெட்டுங்கள். வாங்கும்போதே துணியை வெளிச்சத்தில் பிரித்து, கறை, இழை அறுந்த இடம் இருந்தால் போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இதைச் செய்யாதவரிடம்தான் "குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்ற பேச்சு வரும்.

துணியை முதலில் வெட்டக் கூடாது. குறித்து, வேலை முடித்து, பிறகுதான் வெட்டு. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாக்பீஸ் கோடு பிரேமில் கை உரசி உரசி அழிந்துபோகும் என்பதை யாரும் சொல்வதில்லை. முன்பாகம், பின்பாகம், இரண்டு கை என எல்லா வெளிக்கோட்டையும் வேறு நிறக் காட்டன் நூலில் ஓட்டுத்தையல் போட்டு வையுங்கள். தையல் கோடு தனி, வெட்டுக் கோடு தனி. இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் 1½ இன்ச், தோளிலும் கழுத்திலும் ½ இன்ச்.

அளவு பிளவுஸை அப்படியே நம்பாதீர்கள். பல வருடம் உடுத்திய டூ பை டூ காட்டன் பிளவுஸ் உடம்புக்கு ஏற்ப இளகியிருக்கும். ராசில்க், அதுவும் ஆரி போட்டது, ஒரு நூல்கூட இளகாது. கை சுற்றளவும் மார்புச் சுற்றளவும் டேப் வைத்து எடுத்தே ஆக வேண்டும். லோடு ஒர்க் நிறைய உள்ள கையில் துணி உள்வாங்கும். 11 இன்ச் சுற்றளவு வேண்டுமென்றால் 11½ வைத்துக் குறியுங்கள்.

ஓட்டுத்தையல் போட்டதும் டிசைன் எங்கெங்கே வரக்கூடாது என்று பாருங்கள். இது டிசைனை விட முக்கியம். கழுத்துக் கோட்டிலிருந்து அரை இன்ச் பைப்பிங்குக்கு வெறுமையாக வேண்டும். கையில் அக்குளை ஒட்டி உடம்போடு உரசும் இடத்தில் மணி வேண்டாம், குத்தும், நூலும் தேயும். இடது தோளின் முன்பக்கம் கூர்மையான கல் வைத்தால் முந்தானையின் ஜரிகை அதில் மாட்டி இழுபடும். புடவைக்காரர் பிளவுஸைத்தான் திட்டுவார். பின்பக்கம் ஹூக் வைக்கும் பிளவுஸ் என்றால் நடு டிசைனை இரண்டாகப் பிரித்து, பட்டி ஏறி மூடும் அளவை விட்டுத்தான் வரைய வேண்டும். ஹூக் முன்னாலா பின்னாலா என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

டிசைன் இறக்க ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைப் பஞ்சால் தேய்ப்பது பழைய முறை. பஞ்சைப் பிழிந்த பிறகே தேய்க்க வேண்டும். ஈரம் அதிகமானால் பேப்பருக்கு அடியில் ஊறிக் கோடு பட்டையாகப் பரவும். பேப்பரின் மறுபக்கம் துளைகள் சொரசொரப்பாக இருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் பவுடர் சரியாக இறங்கும். மண்ணெண்ணெய் கிடைக்காதவர்கள் மஞ்சள் கார்பன் பயன்படுத்துகிறார்கள். அதில் அழுத்தி வரைந்த கோடு வெளிர் பட்டில் போகாது, ஆகவே நூல் மறைக்கும் இடத்தில் மட்டும் வரையுங்கள்.

இங்கேதான் இன்னொரு குழி. முதல் கைக்கு இறக்கிய அதே பேப்பரைத் திருப்பாமல் இரண்டாவது கைக்கும் வைத்தால் இரண்டும் இடது கை. மயிலோ யானையோ ஒன்றையொன்று பார்ப்பதற்குப் பதில் இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நடக்கும். பேப்பரில் "முன்", "பின்" என்று எழுதி, இரண்டு கையும் இறக்கி முடித்ததும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே நூலைத் தொடுங்கள்.

வட்ட பிரேம் என்றால் உள் வளையத்தில் காட்டன் நாடாவைச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டில் வளையத் தடம் பதியும். இரவு பிரேமைத் தளர்த்தி வையுங்கள். குந்தன் கல் ஒட்டும் பசை கல்லின் அடியில் நடுவே ஒரு பொட்டு போதும், ஓரம் வரை தடவினால் பட்டில் எண்ணெய்க் கறை மாதிரி விரியும். ஒட்டினால் மட்டும் நிற்காது, சுற்றிலும் ஜர்தோசியோ மணியோ வைத்து அணைகட்ட வேண்டும். துளையுள்ள தையல் கல் கிடைத்தால் அதுதான் உத்தமம். இஸ்திரி போடுவது எப்போதும் பின்பக்கம், அடியில் கனமான டவல் விரித்து. பிளாஸ்டிக் முத்து சூடு தாங்காது.

வேலை முடிந்து பிரேமிலிருந்து எடுத்ததும் பேட்டர்னை (அளவுக்கு வெட்டிய பேப்பரை) மேலே வைத்துப் பாருங்கள். துணி உள்வாங்கியிருந்தால் ஓட்டுத்தையல் கோடு பேட்டர்னுக்கு உள்ளே தெரியும். அப்போது வெட்டுக் கோட்டை நகர்த்தத்தான் அந்த ஒன்றரை இன்ச். லைனிங் துணியை முன்னமே நனைத்துக் காயவைத்துத் தேய்த்திருக்க வேண்டும். நனைக்காத லைனிங் முதல் அலசலில் சுருங்கி, மேலே உள்ள ஆரி முழுக்கச் சுருக்கம் சுருக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

தைக்கும்போது சாதாரண ஃபுட் மணி மேல் ஏறும், ஊசி உடையும், மணியும் தெறிக்கும். ஜிப் தைக்கும் ஒற்றை ஃபுட் மாட்டுங்கள், விலை அதிகமில்லை. தையல் கோட்டில் விழுந்த கண்ணாடி மணிகளை மேலே ஒரு துணியைப் போட்டுக் குறடால் நசுக்கி எடுத்துவிடலாம். நூல் அப்படியே இருப்பதால் வரிசை அவிழாது. நெருக்கமான இடத்தில் மிதிக்கவே கூடாது, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். டெய்லரிடம் கொடுப்பதானால் இதையெல்லாம் அவர் செய்வாரா என்று முதலில் பேசிவிடுங்கள். "ஆரி பிளவுஸ் தைப்போம்" என்று போர்டு வைத்தவரே சாதாரண ஃபுட்டில் ஓட்டி, மணிகளை உதிர்த்துப் பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்த கதை உண்டு.

முன்கழுத்து டிசைனும் பின்கழுத்து டிசைனும் தோளில் சேருமிடம்தான் நல்ல வேலைக்கும் சுமார் வேலைக்கும் வித்தியாசம் காட்டும். தோளில் இரண்டு பக்கமும் அரை இன்ச் போடாமல் விட்டு, தோள் மூட்டிய பிறகு கை ஊசியால் அந்த இடைவெளியை மணி வைத்து நிரப்புங்கள். மூட்டியதே தெரியாது. முதல் தடவை அது சரியாக வந்தபோது, வகுப்புக்குக் கட்டிய பணத்தின் எரிச்சல் பாதி அடங்கியது.

தொழிலைப் பதிவு செய்ய, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு போதும். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசின் இணையதளத்தில் இலவசமாக நீங்களே செய்யலாம். தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அரசுத் தளம் மாதிரியே தோற்றமளித்து ஆயிரக்கணக்கில் கேட்கும், ஏமாறாதீர்கள். தொழில் குறியீடு கேட்கும் இடத்தில் அளவெடுத்துத் தைப்பதற்கு 14105, எம்பிராய்டரிக்கு 13991. இரண்டையும் சேருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு வரும் சிக்கல் இனிஷியல்தான். ஆதாரில் ஒற்றை எழுத்து, பானில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்புக்கில் கணவர் இனிஷியல் என்று மூன்றும் மூன்று விதமாக இருந்தால் கடன் விண்ணப்பம் நகராது. "பேர் மேட்ச் ஆகலை, சரி பண்ணிட்டு வாங்க" என்பார்கள், எதைச் சரி பண்ணுவது என்று சொல்ல மாட்டார்கள். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் மாற்றிவிட்டுப் போங்கள். ஆதாரில் இணைத்த செல் எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும்.

விலையைப் பக்கத்துக் கடையைப் பார்த்து வைக்காதீர்கள். பொருள் செலவு, லைனிங், தையல் கூலி, பிறகு உங்கள் நேரம். ஒரு மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்று வைத்தால் 25 மணி நேர வேலைக்கு 2,000 ரூபாய் கூலி மட்டும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டால் ராத்திரி கண்விழிப்பு இலவசம் என்று அர்த்தம். பாதி முன்பணம் வாங்காமல் துணியைப் பிரேமில் ஏற்றாதீர்கள். ஆடியில் ஆர்டர் குறையும், சாம்பிள் போட அதுதான் நேரம். ஆவணி, தை முகூர்த்தத்துக்கு எல்லோரும் ஒரே வாரத்தில் வருவார்கள். அப்போது கல்யாணத் தேதியைக் கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னதாக டெலிவரி எழுதுங்கள்.

கொடுக்கும்போது அங்கேயே போட்டுப் பார்க்கச் சொல்லி, கையைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். இறுக்கம் என்றால் பக்கவாட்டுத் தையலைப் பிரித்து அரை மணி நேரத்தில் தளர்த்திக் கொடுத்துவிடலாம். மடிக்கும்போது வேலைப்பாடு ஒன்றோடொன்று படாமல் நடுவே மல் துணி வைத்து மடியுங்கள். சென்ட்டை நேராக ஜர்தோசி மேல் அடிக்க வேண்டாம், கறுத்துவிடும் என்று வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.