தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை: பிடிஎஃப் அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை

தமிழில் ஒரு பிடிஎஃப் தயாரித்தால், ஊருக்கு அனுப்புவதற்கு முன் அதன் ஒரு மூலையில் இந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் தட்டச்சு செய்து பாருங்கள். பிடிஎஃப் ஆக்கியபின் அவற்றை அதிலிருந்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அச்சு அசலாக வந்தால் நல்லது. "ெதாண்டி, ேதவிபட்டினம், கீழக்கைர" என்று வந்தால், அந்தக் கோப்பைப் பார்வையற்ற ஒருவரின் கணினியால் ஒழுங்காகப் படிக்க முடியாது. திரையில் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

காரணம் கொம்புகளில் இருக்கிறது. தமிழில் ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஐகாரக் கொம்பையும் எழுத்துக்கு இடப்பக்கம் போடுகிறோம். ஆனால் கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் முதலில் மெய், அதன் பிறகுதான் கொம்பு. பிடிஎஃப் என்பது அடிப்படையில் தாளில் மை விழும் இடத்தைச் சொல்லும் கோப்பு. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களை அடுக்கி வைத்துவிடும். "இந்த வடிவங்கள் சேர்ந்தது 'தொ' என்ற எழுத்து" என்ற குறிப்பைக் கோப்பு தயாரிக்கும் மென்பொருள் உள்ளே எழுதியிருக்க வேண்டும். ஆக்சுவல் டெக்ஸ்ட் என்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடருக்கு, அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு, கிடைப்பது ஒரு அநாதைக் கொம்பும் "தாண்டி"யும். "தொண்டி செல்லும் பேருந்து" என்ற வரி "தாண்டி செல்லும் பேருந்து" என்று காதில் விழும். கேட்பவருக்குத் தவறு நடந்திருக்கிறது என்றே தெரியாது, ஏனென்றால் தாண்டியும் தமிழ்ச் சொல்தான். உளறலைவிட இது ஆபத்து.

பேக் என்ற இலவச மென்பொருள் ஒன்று உண்டு. பிடிஎஃப் அணுகல் தரமான ஐஎஸ்ஓ 14289-இன்படி கோப்பைச் சோதித்துச் சொல்லும். நல்ல கருவி, கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் அது ஒவ்வொரு வடிவத்துக்கும் யூனிகோட் இணை இருக்கிறதா என்றுதான் பார்க்கும், அந்த வரிசை தமிழாக இருக்கிறதா என்று பார்க்காது. எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக் விழுந்த கோப்பிலும் தொண்டி தாண்டியாக இருக்கலாம். அதனால்தான் நோட்பேட் சோதனையை விடாதீர்கள் என்கிறேன்.

அடுத்த சிக்கல் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துரு. இராமநாதபுரம் முதல் இராமேஸ்வரம் வரை டிடிபி கடைகளில் பத்திரிகை அடிப்பவர்களுக்குப் பாமினியும் வானவில்லும் கைப்பழக்கம். பாமினியில் "கடல்" என்று தெரிவதன் அடியில் உண்மையில் இருப்பது எஃப், எல், ஒய், செமிகோலன் என்ற நான்கு ஆங்கிலக் குறிகள். ஸ்கிரீன் ரீடர் அதை "ஃப்ளை" என்று படிக்கும். "படகு" என்பது ஜி, எல், பெரிய எஃப். ஒரு பக்கம் முழுக்க இப்படி ஓடினால் கேட்பவர் என்ன செய்வார்? தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அதன் பிறகும் சங்க நோட்டீஸ், பள்ளிச் சுற்றறிக்கை, திருவிழாப் பத்திரிகை எல்லாம் பாமினியிலேயே வந்துகொண்டிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும்: பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் மொத்தத்தையும் ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கி, லதா, நிர்மலா அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவில் வைத்துவிடுங்கள்.

பாமினியில் அடித்த கோப்பு கைக்கு வந்துவிட்டால், படிப்பவரும் இதையே செய்யலாம். கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, மாற்றியில் ஒட்டிப் பாமினியைத் தேர்வு செய்தல். எண்கள் அப்படியே தப்பிவிடும். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரியும் தமிழ்க் குப்பையாக மாறும். அவற்றை மட்டும் மூலத்திலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டியதில் வெறும் கட்டங்கள் வந்தால் மாற்றியால் பயனில்லை, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆர்தான் வழி.

ஓசிஆர் என்றதும் ஸ்கேன் கோப்புகளுக்கு வர வேண்டும். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, போனில் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கியது. இதில் எழுத்தே கிடையாது, படம் மட்டும். அடோபி ரீடரில் திறந்தால் ஆவணம் காலியாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் எச்சரிக்கை வரும். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்கள் உடனே என்விடிஏ விசையுடன் ஆர் அழுத்துவார்கள். அது விண்டோஸின் சொந்த ஓசிஆரை அழைக்கிறது, அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலப் பக்கமாக இருந்தால் படிக்கும், தமிழ்ப் பக்கத்தில் குப்பைதான் வரும். தமிழுக்கு இரண்டு வழி உண்டு. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறப்பது எளிது. ஆனால் ஆதார், வங்கிப் பாஸ்புக், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அப்படி ஏற்றாதீர்கள். அவற்றுக்கு டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள். தமிழ்த் தரவுக் கோப்பைச் சேர்த்து, தமிழையும் ஆங்கிலத்தையும் ஒன்றாகத் தேர்வு செய்தால் உங்கள் கணினிக்குள்ளேயே வேலை முடிந்துவிடும்.

ஸ்கேன் எடுப்பவர் 300 டிபிஐ வைத்து, தாளைச் சாய்க்காமல், எழுத்தின் மேல் முத்திரை விழாமல் எடுத்தாலே பாதிப் பிழை குறையும். மீதிப் பிழைகளில் பெரும்பாலானவை ர-வுக்கும் துணைக்காலுக்கும் இடையே நடப்பவை, இரண்டுக்கும் உருவம் ஒன்றுபோல இருப்பதால். அவற்றை வாக்கியத்தை வைத்து ஊகித்துவிடலாம். எண்ணை ஊகிக்க முடியாது. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள், முதல் நான்கும் எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ஓசிஆர் அதை அடிக்கடி ஆங்கில ஓ என்று எடுக்கும். வலது அம்பை அழுத்தி எழுத்தெழுத்தாகக் கேளுங்கள். ஐந்தாவது இடத்தில் "ஓ" என்று கேட்டால் அது பூஜ்யம்தான், திருத்திவிடுங்கள். கணக்கு எண்ணுக்கு அப்படி எந்தத் துப்பும் கிடையாது, பாஸ்புக்கைப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் ஒருமுறை சரிபார்க்கத்தான் வேண்டும்.

எழுத்து சரியானபின் அடுத்தது அமைப்பு. பாம்பன், மண்டபம், மூக்கையூர், வாலிநோக்கம் என்று ஊர்வாரியாக அலை உயரமும் காற்று வேகமும் தரும் ஒரு அட்டவணையை எடுத்துக்கொள்வோம். அதை வேர்டில் டேப் விசையைத் தட்டித் தட்டி வரிசைப்படுத்தியிருந்தால், ஸ்கிரீன் ரீடர் "மூக்கையூர் 2.4 45" என்று ஒரே மூச்சில் படித்துவிட்டுப் போகும். எது மீட்டர், எது கிலோமீட்டர்? அதையே உண்மையான அட்டவணையாகப் போட்டு, தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து ரிப்பீட் ஹெடர் ரோஸ் கொடுத்திருந்தால், கன்ட்ரோலும் ஆல்ட்டும் பிடித்துக்கொண்டு அம்பு விசையால் கட்டம் கட்டமாக நகரலாம். "அலை உயரம், 2.4" என்று தலைப்போடு சொல்லும். கட்டங்களை இணைக்காதீர்கள், இணைத்த இடத்தில் தலைப்பு தடம் மாறும். பத்தித் தலைப்புகளைப் போல்ட் செய்து பெரிதாக்குவது தலைப்பு ஆகாது. ஹெடிங் ஸ்டைல் கொடுத்தால்தான், ஸ்கிரீன் ரீடரில் தலைப்புக்குத் தலைப்பு தாவும் ஹெச் விசை அங்கே போய் நிற்கும்.

இவ்வளவு செய்துவிட்டுக் கடைசியில் பிரிண்ட் டு பிடிஎஃப் கொடுத்தால் எல்லாம் போச்சு. அது தாளுக்கு அச்சடிப்பது போலத்தான், தலைப்பு, அட்டவணை என்ற குறிப்புகளும் படங்களை விளக்கும் மாற்று உரையும் கோப்புக்குள் போகாது. வேர்டில் சேவ் ஆஸ் போய்ப் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன்ஸில் "டாகுமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் ஃபார் ஆக்சஸிபிலிட்டி" என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் சாளரத்தில் "யுனிவர்சல் ஆக்சஸிபிலிட்டி". உரையின் மொழியைத் தமிழ் என்று குறிப்பதும் முக்கியம். ஆங்கிலம் என்று குறித்த கோப்பில் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலுக்குத் தாவிவிடலாம், பல ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் வாயே திறக்காது.

படிப்பவர் பக்கம் ஒரே ஒரு அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அடோபி ரீடரில் 50 பக்கத்துக்கு மேற்பட்ட கோப்பைத் திறந்தால், கண்ணெதிரே உள்ள பக்கத்தை மட்டும் ஸ்கிரீன் ரீடருக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. பாடப்புத்தகத்தைத் திறந்து அடுத்த பாடத்தைத் தேடினால் "தலைப்பு இல்லை" என்று வருவது இதனால்தான். பிரிஃபரன்சஸில் ரீடிங் பகுதிக்குப் போய் முழு ஆவணத்தையும் படிக்கும்படி மாற்றுங்கள். திறக்கக் கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பப் படிவம்தான் மிக மோசம். "பெயர்" என்று போட்டு வரிசையாகப் புள்ளி வைத்த படிவத்தில் தட்டச்சு செய்ய இடமே இல்லை. நிரப்பக்கூடிய கட்டம் வைத்தாலும், அதன் விளக்கக் குறிப்பான டூல்டிப்பில் "படகுப் பதிவு எண்" என்று எழுதாவிட்டால், ஸ்கிரீன் ரீடர் "டெக்ஸ்ட் 7, எடிட்" என்று மட்டும் சொல்லும். நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கிற மனிதர் தன் கணக்கு எண்ணைத் தானே தட்டச்சு செய்ய விரும்புவார், அதை இன்னொருவரிடம் ஒப்பிக்க அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை உரிமை என்கிறது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. படிவம் தயாரிப்பவருக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு டூல்டிப் எழுத பத்து விநாடி ஆகும்.

நேரமே இல்லை, ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறது என்றால் வாட்ஸ்அப்பில் அதை அனுப்பி, கீழேயே விவரத்தைத் தட்டச்சு செய்துவிடுங்கள்: "மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்." பிறகு விண்ணப்பக் கடைசி நாள், கொடுக்க வேண்டிய இடம், இணைக்க வேண்டிய நகல்கள். "இணைப்பைக் காண்க" என்று மட்டும் எழுதாதீர்கள்.